அதே பக்கம், அதே அளவு

பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கிலிருந்து, அதன் பொறுப்பாளரான ஸ்டோரக்கா கையெழுத்து வாங்காமல் ஒரு பஞ்சுச் சுருள்கூட வெளியே போகாது. ஒருமுறை தலைமை அறுவை மருத்துவர் அவசரத்தில் வந்து ஒரு கட்டு பேண்டேஜைத் தானே எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஸ்டோரக்கா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் மாடிப்படியில் மறித்து, "டாக்டர், இதுல ஒரு கையெழுத்து" என்று நின்றார். மருத்துவர் முறைத்தார். இவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவரால் மேலே ஏற முடிந்தது.

ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். நான்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்திரிகையில் அவரைப் பற்றி அந்தத் தலைப்பை வைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்திருப்பேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

எனக்கு அன்று முப்பத்தொரு வயது. எங்கள் வட்டாரத்தின் தினசரியில் துணை ஆசிரியர் வேலை. மூன்றாம் பக்கம் என் பொறுப்பு. முதல் பக்கத்தில் நாட்டு நடப்பு இருக்கும், கடைசிப் பக்கத்தில் விளையாட்டு இருக்கும். ஆனால் பத்திரிகையை வாங்கியதும் எல்லோரும் முதலில் பிரிப்பது மூன்றாம் பக்கத்தைத்தான். யார் செத்தார், எந்தத் தெருவில் நாளைக்குத் தண்ணீர் வராது, எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரிசு வாங்கியது, யாரைப் போலீஸ் பிடித்தது, எல்லாம் அதில்தான். "பேப்பர்லயே போட்டுட்டான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விவாதம் கிடையாது. அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒட்டி வருகிற மாதிரி வைப்பேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை மதியம், மருந்துக் கிடங்கின் பெரிய குளிர்பதனப் பெட்டி நின்றுபோனது. உள்ளே அறுபத்து நான்கு பெட்டி இன்சுலின். சூடு ஏறினால் எல்லாம் வீண். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். ஸ்டோரக்கா போன் போட்டார். "உடனே மாத்திடுங்கம்மா. தாய் சேய் ஆஸ்பத்திரியில பெரிய ஃபிரிட்ஜ் இருக்கு. நான் வந்து எழுதிக் குடுத்துக்கறேன்" என்றார் அவர். எழுத்தில் இல்லாமல் எதையும் நகர்த்தாத ஸ்டோரக்கா, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக வெறும் வாய்ச்சொல்லை நம்பி வாடகை வேன் ஒன்றைக் கூப்பிட்டார். பெட்டிகளைத் தானே சுமந்து ஏற்றினார். எதிர்ச்சாரியில் நின்ற யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை பொறுப்பிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் கிடங்கைத் திறந்து பார்த்தார். பெட்டிகள் இல்லை. கண்காணிப்பாளரின் போன் அணைந்திருந்தது. போலீசுக்குச் சொல்லிவிட்டார். ஸ்டோரக்காவைக் கூட்டிப்போய் நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தாய் சேய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த ரசீதைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை அங்க ஸ்டோர்ல ஆள் இருக்காது, நாளைக்குச் சரிபார்க்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கு மணி நேரமும் அந்தப் படமும் எங்கள் நிருபரிடம் வந்து சேர்ந்தன. நிருபரிடமிருந்து என்னிடம். நான் வைத்த தலைப்பு இது:

"வேன் ஏறிய மருந்து, வசமாகச் சிக்கிய ஊழியர்!"

நான்கு பத்தி அகலம். நடுவில் படம். செய்தி ஆசிரியர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஸ்டோரக்காவின் கணவர் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் எங்கள் பத்திரிகை. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. திங்கட்கிழமை காலை ஒருவருக்குச் சவரம் ஓடிக்கொண்டிருந்தபோது பெஞ்சில் இருந்த வாடிக்கைக்காரர் மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். வழக்கமாகத் தலைப்பைச் சத்தமாகப் படிக்கிறவர் அன்று படிக்கவில்லை. பத்திரிகையை நான்காக மடித்துப் பெஞ்சுக்கடியில் தள்ளினார். "ஒரு அவசர வேலை, அப்புறம் வரேன்" என்று கிளம்பிவிட்டார். கணவர் கையிலிருந்த சவரத்தை ஒரு கீறல் இல்லாமல் முடித்தார். கத்தியைக் கழுவி வைத்தார். பிறகு குனிந்து பத்திரிகையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனபோது ஸ்டோரக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க. இது நமக்கு வேணும்."

"இதை வெச்சுட்டு என்ன பண்ணப்போற?"

"இன்னும் தெரியல. ஆனா வேணும்."

விசாரணை முடியும்வரை ஸ்டோரக்காவைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கண்காணிப்பாளர் ஊர் திரும்பினார். "சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றார். நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகள் நாலு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. வகுப்பில் அந்தப் படம் போனுக்குப் போன் போயிருந்தது. சலூனில் பெஞ்சு காலியாகவே கிடந்தது. விசாரணை இருபத்திரண்டு நாள் நடந்தது. தாய் சேய் ஆஸ்பத்திரியின் பதிவேட்டில், சனிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு அறுபத்து நான்கு பெட்டியும் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தது. போன் பேசிய விவரத்தையும் எடுத்தார்கள். கண்காணிப்பாளருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டோரக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று ஆணை போட்டு வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள்.

அதை நாங்கள் போடவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். நாங்கள் கேட்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

"விடும்மா. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க" என்றாள் மகள்.

"மறக்கட்டும். மறக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டோரக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எங்கள் முன்னறையில் ஒரு நீள மேசை. அதன் பின்னால் வரவேற்புப் பெண். மரண அறிவிப்பு, பெயர் மாற்றம், தொலைந்துபோன சான்றிதழ், வாடகைக்கு வீடு என்று விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள் அவளிடம்தான் படிவம் வாங்குவார்கள். சுவரோரம் மூன்று பேர் உட்காரும் இரும்புப் பெஞ்சு. மேலே சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி. ஸ்டோரக்கா மேசையில் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தார். ஒன்று எங்கள் மூன்றாம் பக்கம். இன்னொன்று விசாரணை ஆணை.

செய்தி ஆசிரியர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான். ஆணையைப் படித்தார். உச்சுக் கொட்டினார். "கண்டிப்பா போட்டுடறோம்மா" என்று சொல்லி, அங்கேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். இன்ன தேதியில் வெளியான செய்தியில் குறிப்பிடப்பட்டவர் மீதான புகார் நிரூபிக்கப்படவில்லை, வருந்துகிறோம் என்று இரண்டு வரி.

"இது எங்க சார் வரும்?"

"ஏழாம் பக்கத்துல, கீழே."

"திருமண மண்டபம், ஆழ்துளைக் கிணறு விளம்பரமெல்லாம் வருமே, அதுக்கும் கீழயா?"

"அங்கதாம்மா இடம் இருக்கும்."

ஸ்டோரக்கா துண்டுத் தாளைத் திருப்பி நீட்டினார். "தெருவுல நின்னு சத்தமா திட்டிட்டு, காதுகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. அதே பக்கம், அதே அளவு, அதே படம் வேணும் சார். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு மணிக்குத்தான் டூட்டி."

செய்தி ஆசிரியர் விஷயத்தை முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி அப்பா காலத்துக்குப் பிறகு பத்திரிகையை எடுத்து நடத்துகிறவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். எதற்கும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "இன்னைக்கு இவங்களுக்குப் போட்டா நாளைக்கு நம்ம வாசல்ல வரிசை நிக்கும்" என்றாராம். அது அரை மணி நேரத்தில் மாடியிலிருந்து வரவேற்புப் பெண் வரைக்கும் வந்தது. அவள் வாய் தவறி ஸ்டோரக்காவிடமும் சொல்லிவிட்டாள்.

"நிக்கட்டுமே. வரிசையில நிக்கறது நமக்கெல்லாம் புதுசா?"

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதுக்கு வருவார். பன்னிரண்டரைக்குக் கிளம்புவார். கத்தவில்லை, அழவில்லை, யாரையும் சபிக்கவில்லை. மூன்றாவது நாளே சும்மா உட்கார அலுத்துவிட்டது போல. மரண அறிவிப்புக் கொடுக்க வந்த ஒருவர் எழுதத் தெரியாமல் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்தபோது, "இப்படிக் குடுங்க" என்று வாங்கி எழுத ஆரம்பித்தார். அதோடு விடவில்லை.

"அப்பாவுக்கு வயசு எழுபத்தெட்டா? யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"அவரோட அடையாள அட்டை இருக்கா? எடுங்க. பாருங்க, எண்பத்தொண்ணு. மூணு வருஷத்தைக் காணோம்."

இப்படியே தொலைந்த சான்றிதழ் எண், பெயர் மாற்றத்தில் ஒற்றெழுத்து, வாடகை வீட்டின் கதவு எண் என்று எல்லாவற்றையும் மூலக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மேசைக்கு அனுப்பினார். விளம்பரத்தில் பிழை என்று வழக்கமாக நாளுக்கு மூன்று போன் வரும். அந்த வாரம் ஒன்றுகூட வரவில்லை. வரவேற்புப் பெண் தனக்கு வாங்கும்போது அவருக்கும் சேர்த்து டீ வாங்க ஆரம்பித்தாள்.

நான் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும். பத்து நாள் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனேன். பதினோராம் நாள் அவர் கூப்பிட்டார்.

"தம்பி, மூணாம் பக்கம் பாக்கறது யாரு?"

பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "நான்தான்கா" என்றேன்.

"இந்தத் தலைப்பு?"

"அதுவும் நான்தான்."

நான் எதிர்பார்த்தது அறை. அவர் கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை என் முன் விரித்தார்.

"இந்தப் படத்தைப் பாத்தியா, போடறதுக்கு முன்னாடி?"

"பாத்தேன்."

"என் கையில என்ன இருக்கு?"

"பெட்டி."

"பெட்டிமேல என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அச்சில் மங்கலாகத் தெரிந்தது. நான் கணினியில் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்திருக்கும். பெட்டிகளின் மேல் ஐஸ் பொட்டலங்கள் கட்டியிருந்தன.

"திருடறவ ஐஸ் வெச்சுக் கட்டுவாளா தம்பி?"

அவர் தலைப்பின் மேல் விரலை வைத்தார். "வேன், வசமாக. இதுல எதுக்குப் பாட்டு மாதிரி? என் பொண்ணு கூடப் படிக்கறதுங்க இதை ராகம் போட்டுப் பாடிச்சாம். நல்லா பாட வருதாம்."

"மன்னிச்சுடுங்கக்கா."

"நீ எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? எனக்குத்தான் நான் திருடலைன்னு தெரியுமே."

மாடிக்குப் போய் கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐஸ் பொட்டலங்களை எண்ணினேன். ஏழு. அன்று மாலை செய்தி ஆசிரியரிடம் போய், அதே பக்கத்தில் போட்டுவிடலாம் என்று சொன்னேன். "உனக்கு வேலை வேணாமா?" என்றார் அவர்.

பூட்டுக்காரர் வந்தது அந்த வாரத்தில்தான். கடைவீதி முனையில் சாவி செய்கிறவர். நாலு மாதத்துக்கு முன்னால், அவர் பெயரே கொண்ட இன்னொருவர் இறந்தபோது, மரண அறிவிப்பில் இவர் படத்தைப் போட்டுவிட்டோம். அழுதுகொண்டு வீடு தேடி வந்தவர்களுக்கு இவர்தான் கதவைத் திறந்தார். அப்போது இரண்டு தடவை எங்களிடம் நடந்துவிட்டுக் கைவிட்டவர், ஸ்டோரக்காவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு மறுபடி வந்திருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"உங்களுக்கு என்னம்மா?"

"திருடின்னு போட்டாங்க. உங்களுக்கு?"

"செத்துட்டேன்னு போட்டாங்க."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த முன்னறையில் அப்படிச் சிரிப்புச் சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. "சிரிக்காதீங்கம்மா" என்றார் பூட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னமும் சில பேரு சாவி செய்ய எங்கிட்ட வரமாட்டேங்கறான். என் தம்பிதான் கடையில இருக்கான்னு நெனச்சுக்கறான். எனக்குத் தம்பியே கிடையாது."

அடுத்த நாள் சாப்பாட்டு மெஸ் நடத்தும் அம்மா வந்தார். சுகாதார அதிகாரிகள் பூட்டியது பக்கத்துக் கடையை, நாங்கள் எழுதியது இவர் கடையை. அதற்கடுத்த நாள் நாலு பேர். பெஞ்சு நிறைந்து தரையிலும், தரை நிறைந்து வாசல்படியிலும், வாசலைத் தாண்டி வெளிச்சுவரோரமும் ஆட்கள். ஸ்டோரக்கா அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். தேதி, பக்கம், போட்டது என்ன, நடந்தது என்ன, கையில் என்ன காகிதம் இருக்கிறது. காகிதம் இல்லாமல் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். எடுத்துட்டு வாங்க. அவங்களை மாதிரி நாமளும் கேட்காம எழுதக் கூடாது."

இருபத்து மூன்றாம் நாள் முதலாளியின் கார் வாசலில் நின்றது. உள்ளே நுழைய வழியில்லை. இறங்கி, ஆட்களுக்கு நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் ஸ்டோரக்காவை மேலே கூப்பிட்டார்கள். செய்தி ஆசிரியரையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

முதலாளி எழுந்து நின்று நாற்காலி காட்டினார். "உங்களைப் பத்தி விசாரிச்சேம்மா. மருந்தைக் காப்பாத்தியிருக்கீங்க. ரொம்பப் பெரிய விஷயம். நம்ம ஞாயிற்றுக்கிழமை இணைப்புல பெண்களுக்குன்னு ஒரு பகுதி வருது. அதுல உங்க வாழ்க்கையைப் பெருசா, கலர்ல போடறோம். ஒரு முழுப் பக்கம். நீங்க கேட்டதைவிட ரெண்டு மடங்கு."

செய்தி ஆசிரியர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கும்தான். மோசமான யோசனையாகப் படவில்லை.

ஸ்டோரக்கா தலையை ஆட்டினார். "வேணாம் சார்."

"ஏம்மா? எல்லாரும் உங்களைப் பாராட்டுவாங்களே."

"நான் பாராட்டுக் கேட்டு வரலையே. அதுல நான் நல்லவள்னு இருக்கும். நீங்க தப்பா எழுதினீங்கன்னு இருக்குமா?"

முதலாளி கொஞ்ச நேரம் மேசைமேலிருந்த பேனாவை உருட்டினார். "அம்மா, என் நெலமையையும் பாருங்க. ஒரு பத்திரிகை தன் தப்பை நாலு பத்தியில, படத்தோட போட்டா, அப்புறம் ஜனங்க எங்களை எப்படி நம்புவாங்க?"

"எங்க வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமா சவரம் பண்றாரு" என்றார் ஸ்டோரக்கா. "எப்பவாவது கை தவறும். தவறினா அங்கயே பஞ்சை வெச்சு அழுத்தி, 'மன்னிச்சுக்குங்க, வெட்டிட்டேன்'னு சொல்லுவாரு. கன்னத்துல வெட்டிட்டுக் கால்ல கட்டுப் போடமாட்டாரு. அதனாலதான் சார் மறுபடியும் அவர்கிட்ட வந்து கழுத்தைக் காட்டறாங்க."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "சார், அந்தத் தலைப்பு வெச்சது நான். திருத்தத்தையும் நானே எழுதறேன்" என்றேன். செய்தி ஆசிரியர் என் காலை மிதித்தார்.

"யோசிக்கிறேன்" என்றார் முதலாளி.

"யோசிங்க சார். நான் நாளைக்கும் ஒன்பது மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோரக்கா எழுந்தார்.

மறுநாள் வரிசை பஸ் நிறுத்தம் வரை போயிற்று. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எது எந்த வரிசை என்று தெரியாமல் கலந்து நின்றார்கள். பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி "என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பூட்டுக்காரர் தன்னுடைய மரண அறிவிப்பை உரக்கப் படித்துக் காட்டினார். "சாகறதுக்கு முன்னாடி எல்லாரிடமும் அன்பா பழகினேனாம், கேளுங்க!" பத்திரிகை முகவர்கள் மூன்று பேர் முதலாளிக்குப் போன் போட்டு, உங்கள் வாசலில் நடப்பதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஏன் ஒரு வரியும் இல்லை, கடைக்கு வருகிறவர்கள் எங்களைக் கேட்கிறார்கள் என்றார்களாம். பதினோரு மணிக்கு என் மேசைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "மூன்றாம் பக்கம். எழுது. எனக்குக் காட்டிவிட்டுப் போடு."

முதலில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து தாய் சேய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவேட்டை என் கண்ணால் பார்த்தேன். நாலு நாற்பது, அறுபத்து நான்கு பெட்டி, இரண்டு கையெழுத்து. வேன் ஓட்டுநரைத் தேடிப் பிடித்தேன். "அந்தம்மா வழி நெடுக ஐஸைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே வந்துச்சு சார். ரெண்டு சிக்னல்ல என்னைத் திட்டுச்சு" என்றார். இந்த வேலை முழுவதும் எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் இரண்டரை மணி நேரம் இருந்தது.

செய்தியை எழுதிக் கிடங்குக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். தலைப்பு: "மருந்தைக் காத்த மங்கை!"

ஸ்டோரக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "மறுபடியும் பாட்டா?"

அடித்துவிட்டு வேறு எழுதினேன். "மருந்துக் கிடங்கு ஊழியர் குற்றமற்றவர்."

"இது என்னைப் பத்தி இருக்கு. உங்களைப் பத்தி இல்லையே?"

இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி கால் மணி நேரம் யோசித்தேன். அவர் அதற்குள் இரண்டு வார்டுகளுக்கு மருந்து எண்ணிக் கொடுத்து, இரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டார். கடைசியில் எழுதினேன்: "நாங்கள் எழுதியது தவறு. அந்த மருந்து திருடப்படவில்லை." படிக்கும்போது ஒரு நயமும் இல்லை. எந்த ராகத்திலும் அடங்காது.

"இது சரி" என்றார். "கீழ ஒரு கையெழுத்துப் போடு. அப்புறம் மாத்திடப் போறீங்க."

போட்டுக் கொடுத்தேன்.

முதலாளி 'தவறு' என்பதைப் 'பிழை' என்று மாற்றலாமா என்று இரண்டு முறை கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார். வியாழக்கிழமை மூன்றாம் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் அது வந்தது. அதே படம். ஐஸ் பொட்டலங்கள் தெரியும்படி அச்சுக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

காலையில் முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் சலூனுக்குப் போனேன். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் முழுவதையும் சத்தமாகப் படித்தார். இன்னொருவர், "மேல யாரையாவது பிடிச்சிருப்பாங்க, இல்லாட்டி இவ்வளவு பெருசா போடுவானா?" என்றார். சீப்பும் கத்தரியும் நின்றன. ஸ்டோரக்காவின் கணவர் திரும்பாமல், கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்துச் சொன்னார். "ஆமாங்க, பிடிச்சாங்க. ஒரு இரும்புப் பெஞ்சைப் பிடிச்சாங்க. இருபத்தஞ்சு நாளு." படித்தவர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை பத்திரிகையை மடித்துத் தள்ளிவிட்டுப் போன வாடிக்கைக்காரர் அதற்கப்புறமும் வரவில்லை. அவர் அடுத்த தெரு சலூனுக்கே பழகிவிட்டார். அந்த மாதிரி நாலைந்து பேர். மகள் மட்டும் அன்று பத்திரிகை மூன்று வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். ராகம் போட்டவர்களின் மேசையில் ஆளுக்கொன்றாக விரித்து வைத்து, "இப்பப் பாடுங்கடி" என்றாளாம்.

கணவர் அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார், கூடத்தில் மாட்ட. ஸ்டோரக்கா ஆணியை வாங்கி வைத்துவிட்டார்.

"ஏன்? ஆசையா பண்ணிட்டு வந்தேன்."

"அது அவங்க பண்ணின தப்புங்க. நம்ம வீட்டுச் சுவத்துல எதுக்கு?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தோம். ஒன்பது ஐந்துக்கு ஸ்டோரக்கா வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். செய்தி ஆசிரியர் பதறிப்போய் இறங்கி வந்தார்.

"அம்மா, போட்டாச்சே! இன்னும் என்ன?"

"எனக்குப் போட்டாச்சு சார். இவருக்கு இன்னும் போடலையே" என்று பக்கத்திலிருந்த பூட்டுக்காரரைக் காட்டினார். மடியிலிருந்த நோட்டைப் பிரித்தார். "மொத்தம் பதினேழு இருக்கு. எல்லாத்துக்கும் காகிதம் பாத்துட்டேன்."

அடுத்த மாதத்திலிருந்து மூன்றாம் பக்கத்தில் வலது மேல் மூலையில் தினமும் ஒரு கட்டம் வர ஆரம்பித்தது. தலைப்பு "நாங்கள் எழுதியது தவறு". முதலாளிக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் முகவர்கள் சொன்னார்கள், இப்போதெல்லாம் ஜனங்கள் பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் தேடுகிறார்கள் என்று. செய்தி அறையில் எங்கள் பழக்கமும் மாறியது. மறுநாள் அந்தக் கட்டத்தில் வரக் கூடாதே என்கிற பயத்தில், நிருபர்கள் இன்னொரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினார்கள். நான் எழுத்துக்கு எழுத்து ஒட்டவைப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

முதல் நாள் கட்டத்தில் பூட்டுக்காரருடையது வந்தது. இன்ன தேதியில் மரண அறிவிப்பில் தவறாக இவர் படம் வெளியானது, இவர் நலமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தேன். காலை பத்து மணிக்கெல்லாம் பத்திரிகையோடு வந்து நின்றார்.

"நலமா இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா? மூட்டு வலி உசுரு போகுது. கேட்டியா எங்கிட்ட?"

நான் கேட்கவில்லைதான். வரவேற்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து ஸ்டோரக்காவைக் கூப்பிட்டார்.